மீன்முள் வாய்க்கால்

அலையாத்திக் காடு வளர்ப்பு என்றதும் நாளிதழ்களில் ஒரே படம்தான்: முழங்கால் சேற்றில் அதிகாரிகள், கையில் நாற்று. அடுத்த ஆண்டு அந்த நாற்று என்ன ஆனது என்று யாரும் படம் எடுப்பதில்லை. பல இடங்களில் எடுக்க அங்கே எதுவும் இருக்காது. காரணத்தைச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் பார்க்கலாம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இதைக் கூறு போட்டு, முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே முளைத்துவிடும் என்று கணக்கு. முளைக்கவில்லை. விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று கிராமத்தார் மீது பழி விழுந்தது.

நடந்தது வேறு. நிழல் போனதும் சேற்றின் ஈரம் வற்றி, மண் அமுங்கிப் பள்ளமானது. இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். கொஞ்சம் பள்ளம் இருந்தாலும் ஏறி வந்த நீர் வடியாமல் தங்கிவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தேங்கியதில் பாதி ஆவியானால் 70 கிராம். கோடையில் அந்தப் பள்ளங்கள் உப்பளப் பாத்திபோல வெள்ளை பூத்துக் கிடந்தன. வெண்கண்டல் மரம் உப்பை இலை வழியே வெளியே தள்ளக்கூடியது. இலையைத் தடவினால் துகள் விரலில் ஒட்டும். அதன் நாற்றுகூட அங்கே தலை எடுக்கவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து முதலில் எடுத்தது மண்வெட்டியைத்தான். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள்: மீன்முள் வடிவம். ஓதநீர் நாளுக்கு இருமுறை வந்து போக, உப்பு கரைந்து வெளியேறியது. நடவு அதற்குப் பிறகு. காடு திரும்பியது.

ஆனால் வாய்க்கால் என்றால் வண்டல் படியும், தூர் வார வேண்டும். நாற்றுக்கு நிதி கிடைப்பதுபோல் தூர் வார நிதி கிடைப்பதில்லை. எண்ணிக் காட்ட அதில் எதுவும் இல்லையே! திட்டங்களுக்கு ஆயுள் சில ஆண்டுகள். காட்டுக்கோ பல பத்தாண்டுக் கணக்கு வேண்டும். கடல் மட்டம் உயர உயர அலையாத்தி நிலப்பக்கம் நகர்ந்தாக வேண்டும். அங்கே இறால் பண்ணைக் கரைகள் குறுக்கே நின்றால் அதற்குப் போக்கிடம் ஏது? நகர வேண்டிய நிலத்தை இன்றே வரைபடத்தில் குறித்து வைப்பது மரம் நடுவதைவிட அவசரமான வேலை என்பேன்.

இன்னொரு சிக்கல் மேற்கே, ஆற்றில் இருக்கிறது. நன்னீர் வரத்துக் குறைந்ததால் உப்பைத் தாங்கும் வெண்கண்டலே பெருகி, சுரபுன்னை போன்ற மற்ற மரங்கள் ஒதுங்கிவிட்டன. வாய்க்கால் வெட்டி இதைச் சரிசெய்ய முடியாது. கொள்ளிடத்தின் கீழணையில் திருப்பப்படும் நீர் வடவாறு வழியே வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து பாசனத்துக்கும், 2004 முதல் குழாய் வழியே சென்னையின் குடிநீருக்கும். அந்த நீர்ப் பங்கீட்டில் பிச்சாவரத்துக்கும் ஒரு பங்கு எழுதப்படாதவரை, காட்டுக்கான ஐம்பதாண்டுத் திட்டத்தை வனத்துறை மட்டும் தனியாகத் தீட்ட முடியாது.