கோவைக்கு ஏன் இப்போ ஒரு மிருகக்காட்சி சாலை இல்லை?

கோயம்புத்தூர்ல வளர்ந்தவங்ககிட்ட "ஸூவுக்குப் போயிருக்கீங்களா"ன்னு கேட்டா, உடனே வர்ற பேரு வ.உ.சி. பார்க். 1965-ல ஆரம்பிச்சது, மாநகராட்சி நடத்தினது. 2022 ஜனவரியில மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதோட அங்கீகாரத்தை ரத்து பண்ணிடுச்சு. ஏன், அங்க இருந்த விலங்குகள் என்ன ஆச்சு, இதைத்தான் இந்த எபிசோடுல பேசப் போறேன்.

மூடுறதுக்கு சில வருஷம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ள சுத்தி வந்தேன். மொத்தமே சுமார் நாலரை ஏக்கர். மெதுவா நடந்தாலும் சீக்கிரமே முடிஞ்சுடும். புள்ளிமான்கள் கூட்டமா நின்னுட்டு இருந்துச்சு. ஒரு குரங்கு கூண்டோட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு அதே வழியில போயிட்டு போயிட்டு வந்துச்சு. வெளிய ரோட்டுல ஹாரன் சத்தம் நிக்கவே இல்லை. பக்கத்துல ஒரு பையன், "அப்பா, புலி எங்கப்பா?"ன்னு கேட்டான். "அது வண்டலூர்ல சாமி"ன்னாரு அவரு.

அந்தக் குரங்கு நடந்த மாதிரி, காரணமே இல்லாம ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யறது, அடைபட்ட விலங்குகள்கிட்ட அடிக்கடி பார்க்கிற மன அழுத்த அறிகுறி. பார்க்கிற ஆளுங்ககிட்ட இருந்து ஒளிஞ்சுக்க ஒரு மறைவு, ஓட இடம், தேடித் தின்ன ஏதாவது வேலை, இதெல்லாம் ஒரு விலங்குக்கு வேணும். நோய் வந்ததைத் தனியா வைக்கவும் இடம் வேணும். மான் வேகமாப் பெருகும், அடைப்பு பெருகாது. வெளியிலிருந்து புது மான் வராம, உள்ளயே இனப்பெருக்கம் நடந்துட்டே இருந்தா, தலைமுறை தலைமுறையா கூட்டம் பலவீனமாகும்.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 1991-ல திருத்தம் வந்துச்சு. அதன்படி 1992-ல அமைஞ்சதுதான் இந்த ஆணையம். இதோட அங்கீகாரம் இல்லாம இந்தியாவுல யாரும் ஸூ நடத்த முடியாது. நகரத்து நடுவுல நாலரை ஏக்கர்ல, இன்னைக்கு கேட்கிற தரத்தைக் கொண்டு வர்றது ரொம்பக் கஷ்டம்.

சென்னையும் இதே சிக்கலை சந்திச்சுதுங்க. அங்க 1855-ல எட்வர்ட் பால்ஃபோர் எழும்பூர் அருங்காட்சியகத்துல ஆரம்பிச்ச ஸூ, பிறகு சென்ட்ரல் பக்கத்துல இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறுச்சு. ஊரு நெருக்க ஆரம்பிச்சதும், வனத்துறை வண்டலூர்ல காட்டு நிலம் ஒதுக்குச்சு. 1985-ல திறந்த அந்தப் பூங்கா இன்னைக்கு 602 ஹெக்டேர். நம்ம வ.உ.சி. பார்க் ஸூவை விட முந்நூறு மடங்குக்கும் மேல. சென்னைக்கு இடம் கிடைச்சுது, ஸூ இடம் மாறுச்சு. நம்மூர்ல அப்படி ஒரு மாற்றிடம் அமையறதுக்குள்ள அங்கீகாரம் போயிடுச்சு.

"சரி, கூண்டைத் திறந்து காட்டுல விட்டுடலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை. மனுஷங்க, மாடுகள் பக்கத்துலயே வாழ்ந்த மானுக்கு காசநோய் மாதிரி ஏதாவது இருந்தா, காட்டு மான்களுக்கும் பரவும். அதனால முதல்ல பரிசோதனை. தொட்டியில போடுற தீவனத்தைத் தின்னு பழகினதுக்கு, காட்டுப் புல்லும் இலையும் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். சிறுத்தையையும் செந்நாயையும் பார்த்தே இராத மான் அது. ஆளைப் பார்த்தா விலகி ஓடவும் பழகியிருக்காது. இதையெல்லாம் தாண்டித்தான் 2024-ல ஒரு பகுதி புள்ளிமான்கள் சிறுவாணி மலையடிவாரத்துக்குப் போச்சு. காட்டுல விட முடியாத விலங்குகளுக்கு வேற உயிரியல் பூங்காதான் வழி.

எனக்கு இதுல வருத்தமும் இருக்குங்க. சின்ன டிக்கெட்ல, டவுன் பஸ்ல வந்து, ஒரு விலங்கை நேர்ல பார்க்க இருந்த இடம் அது. வண்டலூருக்கு குடும்பத்தோட போய் வர்ற செலவு எல்லாராலயும் முடியாது. ஆனா அந்த ஆசைக்கான விலையை விலங்குகள் கொடுத்துட்டு இருந்துச்சு.

குழந்தைகளைக் கூட்டிட்டு ஒரு காலையில சிங்காநல்லூர் குளத்துக்குப் போய்ப் பாருங்க. பார்க்ல கூண்டுக்குள்ள பார்த்த அதே கூழைக்கடா, அங்க இறக்கையை முழுசா விரிச்சு தண்ணியில இறங்கும். டிக்கெட்டும் கிடையாது. அந்தக் குளம் சாக்கடை ஆகாம இருந்தா போதும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாமுங்க.