ஒரு வீட்டில் மூன்று தூளிகள்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் ஒருநாள், இரவு இரண்டு மணி கடந்தபின் பங்கு இல்லத்துத் தொலைபேசி ஒலித்தது. நமது பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர், லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர், மாவட்டத் தலைநகரின் மருத்துவமனையிலிருந்து பேசினார். “சாமி, மூன்றும் பிறந்துவிட்டன. கடைசிக் குழந்தை தேறாது என்கிறார்கள்.” அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. நமது கிளைக் கிராமத்திலிருந்து அந்நகரம் இரண்டு மணி நேரப் பயணம். நாம் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது.

கருவில் மூன்று குழந்தைகள் உள்ளன என்பதை மூன்றாம் மாதத்திலேயே ஸ்கேன் காட்டியிருந்தது. ஆயினும் முப்பத்தொன்றாம் வாரத்திலேயே வலி கண்டுவிடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் ஆண், 1,420 கிராம். அடுத்ததும் ஆண், 1,310 கிராம். மூன்றாவது பெண், 980 கிராம். நமது சமையலறையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை அன்று மாலை கையில் எடுத்துப் பார்த்தோம். பின் அதை அப்படியே வைத்துவிட்டோம்.

பாட்டியார் மருத்துவமனைத் திண்ணையில் தலைவிரி கோலமாய் அமர்ந்திருந்தார். “ஏழாம் மாதம் பிறந்தால் தங்கும், எட்டாம் மாதம் பிறந்தால் தங்காது சாமி” என்பதே அவர் புலம்பல். இந்த நம்பிக்கை நம் ஊர்களில் இன்றும் வேரூன்றி நிற்கிறது. இதில் உண்மை சிறிதும் இல்லை. தாயின் வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலுவையே சேர்க்கிறது. எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையை விடப் பிழைக்கும் வாய்ப்பு மிக்கது. இதனை அறியாமல் எத்தனை பேர் மனம் தளர்ந்து, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டனரோ!

குறைமாதக் குழந்தைக்கு முதல் இடர் மூச்சு. நுரையீரலின் சிற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் அப்போது போதிய அளவு சுரந்திருப்பதில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இந்நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். அவன் எடை இரண்டு கிலோவுக்கு மேல். உலகின் வல்லமை மிக்க தந்தையாலும் அன்று காக்க இயலாத உயிர் அது. 1972-இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள், பிரசவத்திற்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து பக்குவமடைகிறது என்று காட்டினர். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, குறைபடும் அப்பொருளையே சிசுவின் நுரையீரலுக்குள் செலுத்தி வெற்றி கண்டார். நம் லோடு ஆட்டோக்காரரின் மகளுக்கு, ஓர் அரசு மருத்துவமனையில், இவ்விரண்டும் கிடைத்தன.

ஆனால் அந்த இரவில் அவருக்கு இவை எதுவும் தெரியாது. குழந்தை நீலம் பாய்ந்து கிடக்கிறது என்பது மட்டுமே தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவினுள் அவரை விடவில்லை. ஞானோபதேச வகுப்பில் கற்றது நினைவுக்கு வர, மருந்துச் சீட்டின் பின்புறம் ஞானஸ்நான வார்த்தைகளை எழுதி, கதவருகே நின்ற செவிலியரிடம் நீட்டினார். அப்பெண் இந்து. சீட்டை வாசித்தார்; ஒன்றும் கேளாமல் உள்ளே சென்றார். கொதித்தாறிய நீரைச் சிரிஞ்சில் எடுத்து, சிசுவின் தலையில் மும்முறை ஒழுகவிட்டு, சீட்டில் உள்ளபடி சொன்னார்.

இது செய்தியாக ஊர் வந்து சேர்ந்ததும் சச்சரவு எழுந்தது. “கிறிஸ்தவர் அல்லாதவர் கொடுத்தது எப்படிச் செல்லும்? சாமியார் மறுபடி கொடுக்க வேண்டும்” என்றனர் சிலர். பாட்டியாரும் அப்படியே கருதினார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 861 இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. அவசர வேளையில், தகுந்த கருத்தோடு, எவரும் ஞானஸ்நானம் அளிக்கலாம். நாம் அந்தச் செவிலியரைத் தனியே கண்டு, என்ன செய்தீர்கள், எந்த எண்ணத்தோடு செய்தீர்கள் என்று வினவினோம். “உங்கள் கோவிலில் என்ன செய்வீர்களோ அதைத்தான் செய்ய நினைத்தேன் ஃபாதர். தப்பா?” என்றார். இறையியல் கல்லூரியில் நாம் பக்கம் பக்கமாய்ப் படித்ததை ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். தப்பில்லை என்று சொல்லிக் கைகூப்பினோம். தாமதமாக வந்தவர் நாமே அன்றோ!

பிழைத்த உயிரை வளர்ப்பது வேறொரு போர். பாலை உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் ஒழுங்கு ஏறத்தாழ முப்பத்து நான்காம் வாரத்தில்தான் சிசுவுக்குக் கைகூடும். அதுவரை தாய் பீய்ச்சிக் கொடுத்த பால், குழாய் வழியே மில்லி மில்லியாய்ச் சென்றது. ஒரு தாயின் பால் மூவருக்குப் போதாத நாட்களில், மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கி உதவிற்று. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய முயற்சியின் வழிவந்தது அது.

பின்னர் செவிலியர்கள் குழந்தைகளை மார்போடு அணைக்கச் சொன்னார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் ஒன்றில் இரண்டு மூன்று சிசுக்கள் கிடந்த மருத்துவமனையில், எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் கண்ட வழி இது. துணியின்றித் தோலோடு தோலாக, கங்காருவைப்போல் சுமப்பது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், பிறந்தவுடனே இவ்வாறு அணைக்கப்பட்ட எடை குறைந்த சிசுக்களிடையே மரணம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாய்க்கு மார்பு ஒன்று, குழந்தைகள் மூன்று. ஆகவே தந்தை சட்டையைக் கழற்றினார். அத்தை வந்தார். எட்டாம் மாதம் தங்காது என்று அழுத பாட்டியாரே, நாள்தோறும் ஆறு மணி நேரம் அந்தப் பெண்குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு ஜெபமாலை சொன்னார்.

முப்பத்து நான்காம் நாள் இரு ஆண்பிள்ளைகளும் வீடு திரும்பினர். பெண்குழந்தை தங்கிவிட்டது. இதுவே அந்தத் தாய்க்கு மிகக் கொடிய காலம் என்று நாம் கருதுகிறோம். இரண்டு பேர் வீட்டில் அழுகின்றனர். ஒருத்தி அங்கே கிடக்கிறாள். எங்கே இருந்தாலும் மற்ற இடத்தில் இல்லாத குற்றவுணர்வு. இரண்டு மணிக்கொரு முறை பாலூட்டினால் மூவருக்கும் நாளொன்றுக்கு 36 முறை! பங்கு மக்கள் குழந்தை பார்க்க வருகிறோம் என்று கூட்டமாய்ப் புறப்பட்டபோது, நாம் பீடத்திலிருந்தே தடுத்தோம். சிலருக்கு நம்மீது வருத்தம். ஒரு இருமல் போதும், அந்தப் பிஞ்சு மார்புகளுக்கு. சாம்பிராணிப் புகையும் பவுடரும் கூட வேண்டாம் என்றோம். அதற்குப் பதிலாக நான்கு பெண்கள் முறை வைத்துச் சோறு சமைத்தனர். இரண்டு பேர் துணி துவைத்தனர். கவரில் பணம் வைத்துக் கொடுத்துச் சென்றவர்களைவிட இவர்களே அந்த வீட்டைத் தாங்கினர் என்பது நமது எண்ணம். “பிள்ளைகள் ஆண்டவரின் கொடை” என்று பிரசங்கத்தில் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு அந்தக் கொடையை ஏந்திக்கொள்ள யாராவது வேண்டுமே.

அறுபத்தொன்றாம் நாள் பெண்குழந்தையும் வந்தாள். வீட்டு உத்திரத்தில் மூன்றாவது தூளி ஏறிற்று. விழித்திரைச் சோதனைக்கு மூவரையும் பலமுறை கொண்டுசென்றனர்; ஒன்றையும் தவறவிடவில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்து ஒரு மாதத்திற்குள் முதற் சோதனை நடந்தாக வேண்டும் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

விண்ணேற்புத் திருநாளை அடுத்த ஞாயிறன்று, ஆண்பிள்ளைகள் இருவருக்கும் ஞானஸ்நானம் அளித்தோம். பெண்ணுக்கு நீர் வார்க்கவில்லை. கிறிஸ்மா தைலம் பூசி, வெண்ணாடை போர்த்தி, திரியை ஏற்றிச் சடங்கை நிறைவு செய்தோம். அந்தச் செவிலியரும் அழைப்பை ஏற்று வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையில் தயங்கி நின்றார். பாட்டியார் எழுந்து நடந்து சென்று, பேத்தியை அவர் கைகளில் கொடுத்து முன்னால் அழைத்து வந்தார். பின்னர் பங்கு இல்லத்தில் பதிவேட்டைத் திறந்தோம். அளித்தவர் என்னும் கட்டத்தில் இரண்டு வரிகளில் நமது பெயரை எழுதினோம். மூன்றாம் வரிக்கு, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி அவரைக் கேட்டோம்.