ஒரு கப் சீஸ் எத்தனை கிராம்?

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரன், மயிலாப்பூரிலுள்ள தன் பாட்டியிடம் ஒரு பதார்த்தம் கேட்டான். மாக்கரோனியும் சீஸ் என்னும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் செய்வது அது.

பாட்டிக்குச் சமையல் புதிதல்ல, பாலாடைக்கட்டிதான் புதிது. மகள் அனுப்பிய குறிப்பில் 'செடார் சீஸ் 8 அவுன்சு' என்று கண்டிருந்தது. முன்பு அவளே வாங்கி வந்து கொடுத்த கண்ணாடி அளவுக் கப்பிலும் '8 அவுன்சு' என்று கோடு போட்டிருந்தது. பிறகு சந்தேகம் ஏது? கட்டியைத் துருவினார், கோடு வரை நிரப்பினார், செய்து முடித்தார்.

பேரன் இரண்டு வாய் சாப்பிட்டான். "அம்மா பண்ற மாதிரி இல்லையே, பாட்டி!" என்று தட்டைத் தள்ளிவிட்டான். பாட்டியின் முகம் வாடிவிட்டது.

இரண்டு அவுன்சுகள்

தவறு பாட்டியுடையதல்ல, 'அவுன்சு' என்ற சொல்லினுடையது. அவுன்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று எடை, சுமார் 28 கிராம். மற்றொன்று திரவ அளவு. அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய 30 மில்லி லிட்டர். கப்பில் கண்டது இரண்டாவது வகை.

தண்ணீரை ஊற்றினால் இரண்டும் அநேகமாக ஒத்துப்போகும். துருவிய பாலாடைக்கட்டியிலோ பாதி காற்று! கப் நிறைந்தாலும் எடை 4 அவுன்சுதான். அதாவது 113 கிராம். பாட்டி போட வேண்டியது இரண்டு கப். போட்டது ஒரு கப். ருசி எப்படி வரும்?

ஒரே கப், மூன்று எடை

அமெரிக்க விவசாய இலாகாவின் உணவு அட்டவணையைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். ஒரு கப் செடார், துருவலாக இருந்தால் 113 கிராம். சிறு துண்டங்களாக இருந்தால் 132 கிராம். உருக்கி ஊற்றினால் 244 கிராம். பண்டம் ஒன்றே, இடையிலுள்ள காற்றுதான் மாறுகிறது.

துருவிய பார்மெசான் ஒரு கப் 100 கிராம். கிரீம் சீஸ் வெண்ணெய் போன்றது. காற்றுக்கு இடம் தராது. ஆகவே ஒரு கப் 232 கிராம்.

தேங்காய்த் துருவலை அளந்த பெண்மணிகளுக்கு இது புதிய பாடமல்ல. பொலபொலவென்று போட்டால் ஓர் அளவு. அமுக்கினால் வேறோர் அளவு. அதனால்தான் நம்மவர்கள் 'அரை மூடித் தேங்காய்' என்றே சொல்லி வந்தார்கள்.

தலை தட்டிய கப்

அமெரிக்கச் சமையற் குறிப்புகளில் ஒரு காலத்தில் 'முட்டையளவு வெண்ணெய்' என்றெல்லாம் எழுதுவது வழக்கம். 1896-ல் பாஸ்டன் சமையற் பள்ளியின் தலைவி ஃபானி ஃபார்மர் வெளியிட்ட புத்தகம், கப்பையும் கரண்டியையும் தலை தட்டி அளக்கும்படி வற்புறுத்தியது. நம் வீடுகளில் அரிசியைப் படியால் தலை தட்டி அளந்தது போலத்தான். மாவுக்கும் சர்க்கரைக்கும் அது பெரிய உதவி. பாலாடைக்கட்டிக்கு மட்டும் தலை தட்டினால் போதாது. துருவலா, துண்டமா என்பதையும் பார்க்க வேண்டும்.

தராசு இல்லாவிட்டால்?

கவலை வேண்டாம். கடையில் விற்கும் 200 கிராம் கட்டியை எட்டுச் சம துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 25 கிராம். துருவல் ஒரு கப் வேண்டுமானால் நாலரைத் துண்டு. முழுக் கட்டியையும் துருவினால் ஒன்றே முக்கால் கப் கிடைக்கும். குறிப்பில் 'கப்' என்றிருந்தால் அளவுக் கப். வெறும் 'அவுன்சு' என்றிருந்தால் எடை. இது நினைவிருந்தால் விலையுயர்ந்த பண்டம் வீணாகாது.

பேரன் ஊருக்குப் புறப்படுமுன் பாட்டி மறுபடியும் செய்தார். இம்முறை ஒரு கட்டி முழுவதும், அதற்கு மேல் ஒரு துண்டும் சேர்ந்தன. தட்டு காலியாகத் திரும்பி வந்தது.