அசையா வாழ்வும் மூப்பும்

மூப்பு ஆண்டுகளால் மட்டும் வருவதன்று, இயங்காமையாலும் வரும். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயது இளைஞர் ஐவர் சோதனைக்காக 3 வாரம் படுக்கையிலேயே கிடந்தனர். அவர்தம் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் செலுத்தும் குருதி குறைந்தது. கடும் உழைப்பின்போது உடல் பிராணவாயுவைக் கொள்ளும் ஆற்றல் நான்கிலொரு பங்குக்கு மேல் குன்றிற்று. 1996-இல் அவ்வைவரையே மீண்டும் சோதித்தனர். 30 ஆண்டுகளில் நேர்ந்த குறைவோ, அம்மூன்று வாரக் கிடையால் நேர்ந்ததினும் சிறிதாயிருந்தது! பின்னர் 6 மாதம் நடை, ஓட்டம் முதலியன பயிலவே, அவ்வாற்றல் 20 வயதில் படுக்கைக்கு முன்னிருந்த அளவை எய்திற்று.

மாணவ நண்பர்காள்! படுக்கையும் நாற்காலியும் ஒன்றல்லவெனினும், இயங்காமை இரண்டிற்கும் பொது. நூலை மூடியபின் நாடோறும் சிறிதேனும் நடமின். இளமை எளிதில் நீங்காது.