ஓடு உரியாத முட்டை

காலையில் கோழி இட்ட முட்டையை மதியமே அவித்து உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வரும்; கடைசியில் கையில் மிஞ்சுவது எலி கொறித்தது மாதிரி இருக்கும். கோழி மேல் குற்றமில்லை. அவிப்பதற்குப் புது முட்டை லாயக்கில்லை, அவ்வளவுதான்.

இட்ட புதிதில் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். ஓட்டிலோ கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள். அவற்றின் வழியே நாளாக ஆக அந்த வாயு வெளியேறிவிடும். 8க்குக் கீழே இருந்த வெள்ளைக்கருவின் பிஎச் அளவு சில நாட்களில் 9ஐத் தொட்டுவிடும். காரத்தன்மை ஏற ஏற, உள்சவ்வோடு அதற்கு இருக்கும் பிடி தளரும். ஆகவே ஆம்லெட்டுக்குப் புதுசு, அவிக்க ஒரு வாரம் ஆனது. எது புதுசு என்று தெரியவில்லையா? தண்ணீரில் போட்டால் போதும். புது முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். சற்று நாளானது அகன்ற முனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மிதந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

அடுத்தது சூடு. பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பில் ஏற்றுவதுதான் பல வீடுகளில் பழக்கம். மெல்ல மெல்லச் சூடேறும்போது வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டியபடியே இறுகுகிறது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் இறக்கினால், அதன் வெளிப்பகுதி சட்டென்று இறுகி, சவ்வில் அவ்வளவாக ஒட்டாது. இட்லிப் பானையில் ஆவி வந்தபின் வைத்தாலும் இதே பலன்தான். விரிசல் விட்டுவிடும் என்று பயந்தால் கொஞ்சம் வினிகர் விடலாம். கசியும் வெள்ளைக்கரு அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். கொதிநிலையை ஏற்றத்தான் உப்பு என்பது கதை. லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டாலும் அரை டிகிரிகூட ஏறாது.

கொதிநீரில் இறக்கியதிலிருந்து 6, 7 நிமிடத்தில் மஞ்சள்கரு வழியும் பதம். 11, 12 நிமிடத்தில் முழுதாக வெந்துவிடும். அதற்கு மேல் விட்டால், வெள்ளைக்கருவின் கந்தகத்திலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி, மஞ்சள்கருவின் இரும்போடு சேரும். விருந்து பிரியாணி முட்டையில் தெரியும் பச்சை வளையம் அதுதான். உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது. இறக்கியவுடன் குளிர்ந்த நீரில் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மஞ்சள்கரு 65 டிகிரியை ஒட்டியே கெட்டியாகத் தொடங்கும். வெள்ளைக்கரு உறுதியாக இறுக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள் 2025இல் ஒரு வழி சொன்னார்கள். 100 டிகிரி நீரிலும் 30 டிகிரி நீரிலும் இரண்டிரண்டு நிமிடமாக மாற்றி மாற்றி, மொத்தம் 32 நிமிடம் வைக்க வேண்டும். பள்ளிக்கூட நாளின் காலையில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம்!

ஊட்டிக்காரர்களின் கணக்கு மட்டும் வேறு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. முழுதாக வேக அங்கே இன்னும் இரண்டொரு நிமிடம் கூட்டித்தான் வைக்க வேண்டும்.