பற்றறியிலிருந்து வீட்டு மின்சாரம்: சிறு இன்வேட்டரைத் தெரிந்தெடுக்கும் முறை

பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகளிலும், மகியங்கனைப் பக்கத்துக் குளக்கரைகளிலும் இன்று மோட்டார் வாகனப் பற்றறி ஒன்றேனும் இல்லாத குடியிருப்பு அரிது. அப்பற்றறியின் மின்சாரம் 12 வோல்ற்று நேரோட்டமாகும். சுவரிலுள்ள பிளக்கில் வருவதோ 230 வோல்ற்று ஆடலோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் சிறு பெட்டியே இன்வேட்டர் எனப்படுவது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய காலத்தில் இப்பெட்டிகள் பெருவாரியாக விலைப்பட்டன. வாங்கியோரிற் பலர், பெட்டி பெரிதாயின் பயனும் பெரிது எனக் கருதி வாங்கினர். சில மாதங்களிற் பற்றறி கெட்டது. பழி பற்றறி விற்றவர்மேற் சென்றது.

இன்வேட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதன்று. பற்றறியில் உள்ளதைச் செலவிடும் வாயில் மாத்திரமே அது. அன்றியும், செலவிடும்போது தனக்கென ஒரு கூலியையும் எடுத்துக்கொள்ளும். ஆதலால் இன்வேட்டரைத் தெரிவு செய்ய முற்படுபவர் முதலிற் பார்க்க வேண்டியது கடையிலுள்ள பெட்டியை அன்று. தம் வீட்டிலுள்ள பற்றறியையும், அதைக்கொண்டு இயக்க விரும்பும் பொருள்களையுமே.

எவ்வளவு வேண்டும்?

ஒவ்வொரு மின் பொருளின் அடியிலும் அதன் வாற்று அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 12 வோல்ற்றுப் பற்றறியிலிருந்து இன்வேட்டர் வழியாக அப்பொருளை இயக்கும்போது, வாற்று அளவைப் பத்தால் வகுத்தால் பற்றறி தர வேண்டிய அம்பியர் ஏறக்குறையக் கிடைக்கும். 100 வாற்றுக்கு 10 அம்பியர். 300 வாற்றுக்கு 30 அம்பியர். பன்னிரண்டால் வகுக்காது பத்தால் வகுப்பது இன்வேட்டர் எடுக்கும் கூலியைச் சேர்த்தே.

லயக் காம்பிரா ஒன்றின் இரவுத் தேவையை எடுத்துக்கொள்வோம். 5 வாற்று எல்.ஈ.டி. குமிழ் இரண்டு நான்கு மணித்தியாலம் எரிய 40 வாற்று மணி. கைத்தொலைபேசி இரண்டுக்கு மின்னேற்ற 30. சிறு வானொலிப் பெட்டி நான்கு மணித்தியாலம் இயங்க 20. ஆக 90 வாற்று மணி. பத்தால் வகுத்தால் 9 அம்பியர் மணி. கார்களில் வழங்கும் 45 அம்பியர் மணிப் பற்றறியிற் பாதியளவே, அதாவது ஏறத்தாழ 22 அம்பியர் மணியே, கேடின்றி எடுக்கத்தக்கது. எனவே இக்குடும்பத்துக்கு இரண்டு இரவுகள் வெளிச்சம் உண்டு என்று தோன்றும்.

ஆனால் கணக்கில் வராத செலவு ஒன்று உளது. இன்வேட்டரில் எப்பொருளையும் மாட்டாவிடினும், அதன் ஆளி திறந்திருக்கும் வரை அது பற்றறியை உண்டுகொண்டே இருக்கும். சிறு பெட்டி ஒன்று அரை அம்பியர் எடுப்பதாகக் கொண்டால் நாள் முழுவதற்கும் 12 அம்பியர் மணி ஆகிறது. குடும்பத்தார் பயன்படுத்திய 9 அம்பியர் மணியிலும் இது மிகுதி! ஆளியை மூட மறந்த வீட்டில் இரண்டாம் இரவு இருளே. பெட்டி பெரிதாக ஆக இந்த வெறுஞ்செலவும் பெரும்பாலும் கூடும். 1000 வாற்றுப் பெட்டியை வாங்கி இரு குமிழ்களை எரிப்பவர், ஒரு மூடை நெல் ஏற்ற லொறி பிடித்தவரை ஒப்பர்.

மேற்கூறிய குடும்பம் 50 வாற்றுத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றையும் சேர்த்துக்கொண்டாலும் ஒரே வேளையில் இயங்குவது 100 வாற்றைத் தாண்டாது. 150 வாற்று இன்வேட்டர் போதும்; 300 வாற்று தாராளம். மின் கேத்தல், அழுத்திப்பெட்டி, சோறு சமைக்கும் மின் பாத்திரம் ஆகியவற்றை இக்கணக்கில் எண்ணவே கூடாது. கேத்தல் ஒன்று 1500 வாற்றுக்கு மேலும் எடுக்கும். அதற்கேற்ற இன்வேட்டர் கிடைக்குமேயாயினும், 150 அம்பியரைத் தரும் ஆற்றல் கார்ப் பற்றறிக்கு நீடித்து இராது. குளிர்சாதனப் பெட்டியும் நீர்ப்பம்பியும் வேறொரு வகையில் ஏமாற்றுவன. ஓடும்போது 100 வாற்றே எடுக்கும் மோட்டார், புறப்படும் கணத்தில் அதைப்போல் மும்மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இழுக்கும்.

அக்கணத்து இழுப்பைத் தாங்கும் அளவையே சில உற்பத்தியாளர் பெட்டியின் முகப்பிற் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றனர். 1000 என்று முகப்பிற் கண்ட பெட்டி, இடையறாது தருவது 500 வாற்றாக இருத்தல் கூடும். பின்புறத்திற் சிறிய எழுத்தில் உள்ள தொடர் வாற்று அளவையே வாங்குபவர் கேட்டறிதல் வேண்டும்.

அலையின் வகை

சுவர்ப் பிளக்கில் வரும் ஆடலோட்டம் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் ஒழுங்கான சைன் அலையாகும். விலை குறைந்த இன்வேட்டர்கள் அவ்வலையைப் படிக்கட்டுப் போன்ற வடிவில் ஒப்பேற்றித் தருகின்றன. எல்.ஈ.டி. குமிழுக்கும் கைத்தொலைபேசி மின்னேற்றிக்கும் பெரும்பாலும் அது போதுமானது. மின்விசிறி, பம்பி முதலிய மோட்டார்கள் அதில் இரைச்சலிட்டுச் சூடேறும். வானொலியிற் கரகரப்பு எழும். மருத்துவக் கருவிகளை அதில் மாட்டுதல் தகாது. இவற்றுள் எதையேனும் இயக்க வேண்டியவர் கூடுதல் விலை கொடுத்துத் தூய சைன் அலைப் பெட்டியையே வாங்குவாராக. குமிழும் தொலைபேசியும் மாத்திரமே உள்ளவருக்கு அச்செலவு வீண். இன்வேட்டரே வீண் எனினும் பொருந்தும். எங்ஙனமெனில், கைத்தொலைபேசிக்கு வேண்டுவது 5 வோல்ற்று. பற்றறியின் 12 வோல்ற்றை 230 ஆக உயர்த்திப் பின் 5 ஆகத் தாழ்த்துவது, பண்டாரவளையிலிருந்து எல்லைக்குச் செல்ல நுவரெலியாவைச் சுற்றிப் போவது போன்றது. முச்சக்கர வண்டிகளிற் காணும் 12 வோல்ற்று மின்னேற்றியும், 12 வோல்ற்று எல்.ஈ.டி. குமிழ்களும் கடைகளிற் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை நேரே பற்றறியில் இணைத்தால் மேற்கூறிய குடும்பத்துக்கு அதே பற்றறி ஏறக்குறைய மூன்று இரவுகளுக்குப் போதும். வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றியினின்றும் காக்கக் குடிசையில் இரவைக் கழிப்போருக்கும் இம்முறையே ஏற்றது.

படகில்

பதுளை மாவட்டம் கடல் காணாதது எனினும் படகு காணாதது அன்று. சொரபொர வாவி, உல்கிட்டிய நீர்த்தேக்கம் முதலியவற்றில் மீன்பிடிப்போர் மாலையில் வலை விரித்து விடியுமுன் வலை எடுப்பர். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் இக்குளங்களிற் பெருகியபின், வயல் வேலையோடு மீன்பிடியையும் மேற்கொண்ட குடும்பங்கள் பல. இருளிற் செல்லும் தோணியில் வெளிச்சமும் தொலைபேசியும் உயிர்காக்கும் பொருள்கள்.

அத்தோணியில் 230 வோல்ற்று மின்சாரத்துக்கு வேலை இல்லை. ஈரக்காலுடன், நீர் தேங்கிய தரையில் நின்று பணிபுரிபவர் அருகே அத்தகைய மின்சாரத்தைக் கொண்டுவருவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். இன்வேட்டரின் விசிறித் துளைகள் வழியே நீர்த்துளி புகுந்தால் பெட்டியும் பழுதுறும். மூடியுள்ள சிறு பற்றறியும், நீர் புகாத 12 வோல்ற்று விளக்கும் அங்கே போதும்.

கூரையும் அறையும் உள்ள பெரிய படகுகளில், ஆடலோட்டம் இன்றியமையாத கருவி இருப்பின் மாத்திரம் இன்வேட்டரை நாடலாம். அப்போது மூன்று செய்திகளைத் தளரவிடலாகாது. இயந்திரத்தைக் கிளப்பும் பற்றறியில் இன்வேட்டரை இணைக்கக் கூடாது. இரவெல்லாம் விளக்கெரிந்தபின் நடுநீரில் இயந்திரம் கிளம்பாவிட்டால் கரையேற வழியில்லை. எனவே தனிப் பற்றறி வேண்டும். இன்வேட்டர், நீர் தெறியாததும் காற்றோட்டம் உள்ளதுமான உயர்ந்த இடத்திற் பொருத்தப்பட வேண்டும். பற்றறிக்கு நேர்மேலே அன்று. பற்றறியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் உருகி இருத்தல் வேண்டும். கிழக்குக் கரையிற் கடற்படகில் வேலை பார்ப்போர், உப்புக்காற்றில் வெறுஞ் செப்புக் கம்பி விரைவிற் பசுமை பாய்ந்து கெடும் ஆதலால், வெள்ளீயம் பூசிய கம்பியைக் கேட்டு வாங்குதல் நலம்.

கம்பியும் உருகியும்

வீட்டிலாயினும் படகிலாயினும் தீ மூள்வது பெரும்பாலும் பற்றறிக்கும் இன்வேட்டருக்கும் இடைப்பட்ட கம்பியிலேயே. 230 வோல்ற்றிற் சிறு ஓட்டமாக உள்ளது 12 வோல்ற்றிற் பேரோட்டமாகிறது என்பதைப் பலர் உணரார். 300 வாற்று இன்வேட்டரை 3 மீற்றர் தூரத்திலுள்ள பற்றறியுடன் 2.5 சதுர மில்லிமீற்றர் வீட்டுக் கம்பியால் இணைத்தால், முழுச் சுமையில் 1.2 வோல்ற்று வரை கம்பியிலேயே வெப்பமாகிக் கழியும். பற்றறி நிறைந்திருக்கவும் இன்வேட்டர் பற்றறி இறங்கிவிட்டதெனக் கூவும். உரியவர் பற்றறியைக் குறைகூறுவார்! 10 சதுர மில்லிமீற்றர்க் கம்பியிட்டால் இவ்விழப்பு 0.3 வோல்ற்றாகக் குறையும். கம்பியை ஒரு மீற்றராகச் சுருக்குவது இன்னும் மலிவு.

சிகரற் பற்றவைக்கும் துளையிற் செருகும் இன்வேட்டர்களுக்கு 120 வாற்றே பொது எல்லை. அத்துளையின் உருகி 10 அல்லது 15 அம்பியரே தாங்கும். உருகி எரிந்தால் அதே அளவு உருகியையே இட வேண்டும். வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பது வீட்டுக்குத் தீ வைப்பதே.

இன்வேட்டரிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கிற் செலுத்தி வீடு முழுவதையும் ஒளிரச் செய்ய முயல்வோர் உளர். அம்மின்சாரம் மின்மானி வழியே வெளிக்கம்பியை அடையக்கூடும். மழையில் அறுந்த கம்பியை, மின்சாரம் இல்லை என நம்பித் தொடும் மின்சாரத் தொழிலாளி மாளலாம். பொருள்களை இன்வேட்டரின் சொந்தத் துளையில் மாத்திரமே மாட்ட வேண்டும்.

பற்றறியை வைக்கும் இடமும் எண்ணத்தக்கது. மின்னேறும்போது ஈய அமிலப் பற்றறி ஐதரசன் வாயுவை வெளிவிடும். பொறி பட்டால் அது வெடிக்கும். லயத்தில் விறகடுப்பும் படுக்கையும் அருகருகே இருப்பதால், பற்றறியை அடுப்பங்கரையில் வையாது, முன் விறாந்தையில் நனையாத மூலையில், குழந்தைகளின் கைக்கு எட்டாத பலகைமேல் வைப்பது தகும்.

மழைக்காலத்துக்கு முன்

ஊவாவின் வெயிலும் மழையும் பற்றறிக்கு எதிர்மாறாக அமைந்துள்ளன. யூலை முதல் செப்ரெம்பர் வரை வறண்ட காற்று வீசி உயர்தரத் தேயிலை விளையும் காலத்திற் சூரியத் தகடு நன்கு மின்னேற்றும். ஆனால் அக்காலத்தில் தேவை சிறிது. ஒக்டோபர் முதல் சனவரி வரை வானம் மூடி மழை பொழியும்போதுதான் கம்பி அறுவதும், மண் சரிவதும், இருளில் செய்தி வேண்டியிருப்பதும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணிற் புதைந்ததும் இப்பருவத்திலேயே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்திற் பல இடங்களில் மண் சரிந்து, பாதையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. மண்சரிவு எச்சரிக்கை வானொலியிலும் தொலைபேசியிலும் வருவது; கேட்க மின் வேண்டும். அத்தகைய இரவில் தொலைக்காட்சியை நிறுத்தி, வானொலிக்கும் தொலைபேசிக்கும் ஒரு விளக்குக்கும் பற்றறியைக் காத்து வைத்த வீடு விடியும்வரை செய்தி அறியும்.

ஆதலால் செப்ரெம்பர் முடிவதற்குள் பற்றறியை நிறைய ஏற்றிவிட வேண்டும். ஓய்ந்திருக்கும் பற்றறியின் முனைகளில் மின்னளவி 12.6 வோல்ற்றுக் காட்டினால் நிறைவு, 12.2 ஆயின் பாதி, 11.9 ஆயின் வெறுமை. இன்வேட்டர் தானே நின்றுவிடும் 10.5 வோல்ற்று வரை ஒவ்வோரிரவும் இறக்குவோரின் கார்ப் பற்றறி ஓராண்டு கூடத் தாங்காது. இறங்கிய பற்றறியை மறுநாளே ஏற்றாது விட்டால் அதன் ஈயத்தகடுகளிற் படிவு இறுகி, பின்னர் எவ்வளவு ஏற்றினும் கொள்ளளவு மீளாது. அடிக்கடி பயன்படுத்த எண்ணுவோர், ஆழ இறக்கத்தக்கதென விற்கப்படும் பற்றறியை வாங்குவதே முடிவில் மலிவு.

கடையில் இன்வேட்டரை வாங்கும்போது, தம் வீட்டுப் பொருள்களுள் ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, அதை மாட்டிக் கால் மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்க்கலாம். பெட்டியின் ஓடு கைபொறுக்காத சூடு ஆகிறதா, விசிறி சுழல்கிறதா, எல்லாப் பொருளையும் கழற்றியபின் எத்தனை அம்பியர் எடுக்கிறது என்பவற்றை மின்னளவி கொண்டு காட்டும்படி கேட்க வேண்டும். காட்ட மறுக்கும் கடையில் வாங்காது, பதுளை நகரிற் பற்றறிக் கடைகள் பல உள ஆதலால் அடுத்த கடையிற் கேட்கலாம். சிவப்புக் கம்பி நேர்முனைக்கும் கறுப்புக் கம்பி எதிர்முனைக்கும் உரியன என்பதை வீட்டார் அனைவருக்கும் அன்றே காட்டிவிட வேண்டும். மாற்றி இணைத்தால் ஒரு நொடியிற் பெட்டி பழுதாகும், அதற்கு உத்தரவாதச் சீட்டும் உதவாது.