கப்பலுக்கு முன் ஒரு படகு

கப்பலேறுதல் என்றால் நம் தென்னார்க்காட்டு முன்னோருக்கு அது விடுமுறை அன்று, பிழைப்பு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘ரஜூலா’வில் தகரப் பெட்டியும் பாயுமாக ஏறிச் சென்றவர்களின் கதை, கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் பல வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அதன்பின் அதே தடத்தில் ‘சிதம்பரம்’ என்னும் பெயருடைய கப்பல் ஓடியது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1972-இல் வாங்கப்பட்ட அக்கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்தோடு அதன் ஓட்டமும் முடிந்தது.

இன்றைய பிள்ளைகள் ‘கப்பல்’ என்று சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது வேறு. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் முதல் முறையாகப் புறப்பட்டது. 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய்வந்தது. அந்தப் படங்களையெல்லாம் பார்த்த என் பிள்ளைகள், தேர்வு முடிந்ததும் கப்பல் பயணம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார்கள். கட்டணத்தை விசாரித்தேன். அன்றிரவு வீட்டில் அதைப் பற்றி மேற்கொண்டு பேச்சில்லை.

“சிதம்பரத்துப் பக்கம் இருக்கிற கழியையே நாம் ஒழுங்காகப் பார்த்ததில்லையே, தம்பி!” என்றார்கள் என் தாயார். அவர்களுக்கு அப்போது வயது 74. உண்மைதான். கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் சென்றால் சிதம்பரம். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கும் இரண்டு முகங்களுக்கு நடுவே, சிறு சிறு தீவுகளாகவும் கணக்கற்ற வாய்க்கால்களாகவும் விரிந்து கிடக்கும் அலையாத்திக் காடு அது. உலகச் சதுப்புநிலங்களைக் காக்கும் ராம்சர் பட்டியலில் 2022-ஆம் ஆண்டு அது சேர்க்கப்பட்டது. நீரில் விடுமுறையைக் கழிக்க விரும்பும் நடுத்தரக் குடும்பம், கப்பலுக்குப் பணம் கட்டுமுன் இங்கே ஒரு காலைப்பொழுதைக் கழித்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. வீட்டில் யார் நீருக்கு அஞ்சுவார், யார் அரைமணி நேரத்திலேயே சலித்துப்போவார், யாருக்கு எத்தனை முறை ஒதுங்குமிடம் தேவை என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் தெரியாது: கடலில் குமட்டுமா என்பது. கழியின் நீர் அவ்வளவு அமைதியானது.

ஆனால் எங்கள் முதற் பயணம் பாழாயிற்று. குற்றம் முழுவதும் என்னுடையதே. காணும் பொங்கலன்று பன்னிரண்டு பேரைத் திரட்டிக்கொண்டு, வழியில் இரண்டு உறவினர் வீடுகளில் காப்பி குடித்து, உச்சிவேளைக்குப் படகுத்துறை போய்ச் சேர்ந்தோம். ஊரே அங்கே வந்திருந்தது. எங்கள் முறை வருவதற்குள் அம்மா வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து தலைசுற்றிச் சோர்ந்துபோனார்கள். அவர்களோடு நானும் என் மனைவியும் கரையிலேயே தங்கிவிட்டோம். மற்றவர்கள் போய்வந்தார்கள். அவர்களும் புறப்பட்ட அரைமணியில் திரும்பி, “வெயில் தாங்கவில்லை” என்றார்கள்.

மறுமுறை பிப்ரவரியில், பள்ளிகள் நடக்கும் ஒரு வேலைநாளைத் தேர்ந்தோம். பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளி போனதென்று நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. விடியற்காலையில் கடலூரிலிருந்து புறப்பட்டு, முதல் படகுகளோடு நீரில் இறங்கினோம். ஞாயிறுதான் முடியும் என்பவர்கள் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போய்விட்டு, ஞாயிறு அதிகாலையிலேயே கிளம்பலாம். காலை வெயில் ஏறுமுன் போகிறவனுக்குப் பறவைகளும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும். மாலை ஐந்துக்குமேல் படகு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பருவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வலசைப் பறவைகள் மிகுதியாக வருவது நவம்பர் முதல் ஜனவரி வரை என்று எல்லாரும் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். ‘தானே’ புயல் கடலூரைச் சூறையாடியது 2011 டிசம்பர் 30 அன்று என்பதை நம் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறையில் போவதானால் வானிலை அறிக்கையைக் கேட்டபின் போங்கள். ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் குடும்பங்களுக்கு ஏற்றவை. மே மாதத்தில் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்ல நான் சொல்லமாட்டேன்.

பேருந்தில் போவோர் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் செல்லும் பேருந்தைக் கேட்டு ஏறலாம். இரயில் பாதையில் கிள்ளை என்றே ஒரு சிறு நிலையம் உண்டு; எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை, படகுத்துறைக்கு அங்கிருந்து வேறு வண்டியும் தேடவேண்டும். முதியோரோடு செல்பவர்கள் சிதம்பரத்திலேயே இறங்குவது நலம்.

படகில் இருவகை: துடுப்புப் படகு, மோட்டார் படகு. பிள்ளைகள் மோட்டாரைத்தான் கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். மோட்டார் படகு அகன்ற வாய்க்கால்களில் விரைந்து சென்று விரைந்து திரும்பிவிடும். அதன் இரைச்சலில் ஒரு கொக்குகூடக் கிளையில் இராது. துடுப்புப் படகோ, இருபுறமும் கிளைகள் கூடிக் கூரையாக நிற்கும் ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் நுழையும். துடுப்பு நீரில் விழும் ஓசை தவிர வேறு ஓசை இல்லாத அந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரின் ஏற்ற இறக்கம் சற்று அதிகம். நீர் வற்றும் வேளையில் சில வாய்க்கால்களில் படகு சேற்றைத் தொடும். ஆனால் வேர்களை நன்றாகக் காண அதுவே தக்க நேரம். எந்த வாய்க்காலில் எப்போது போகலாமென்பதைப் படகோட்டியிடமே விட்டுவிடுங்கள். அவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். மரியாதையோடு கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

எங்கள் படகை ஓட்டிய பெரியவர் பிள்ளைகளுக்கு ஒரு பாடமே நடத்திவிட்டார். சேற்றிலிருந்து பென்சில்களைப் போல மேல்நோக்கி நிற்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். கொம்புகளைப் போல வளைந்து இறங்கி மரத்தைத் தாங்கி நிற்பவை சுரபுன்னையின் வேர்கள். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காயாகத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர்வரக் காரணமான தில்லை மரமும் இங்கே உண்டு. இதில் ஓர் எச்சரிக்கை: அதன் இலையையோ கொம்பையோ ஒடித்தால் பால் வடியும், அது கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு. தோலிலும் கொப்புளம் எழும். எந்த மரம் எதுவென்று நமக்குத் தெரியாதாகையால், கைக்கெட்டும் எந்தக் கிளையையும் ஒடிக்கக் கூடாதென்று பிள்ளைகளிடம் படகேறுமுன்பே சொல்லிவைக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இம்மரங்கள் செய்த உதவியையும் அப்பெரியவர் சொன்னார். கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரையும் அதையே கூறுகிறது: அடர்ந்த மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு.

இனி நான் வற்புறுத்திச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. உயிர்காப்புச் சட்டையைப் பற்றியது.

பிச்சாவரத்தில் பல இடங்களில் நீர் இடுப்பளவுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். ‘இதில் என்ன ஆகிவிடும்?’ என்ற எண்ணம் எல்லாருக்கும் வருகிறது. எனக்கும் வந்தது. என் இளைய மகன் சட்டை உறுத்துகிறதென்று அழுதான். படம் எடுக்கும்வரை கழற்றிவைக்கலாமென்று நானே வாரை அவிழ்த்தேன். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாரை மறுபடி கட்டும்வரை படகு நகரவில்லை. வயது வந்த பிள்ளைகளின் முன் வெட்கமாகத்தான் இருந்தது.

இடுப்பளவு நீர் பெரியவர்களுக்குத்தான்; ஐந்து வயதுக் குழந்தைக்கு அது மூழ்கும் ஆழம். சேற்றில் கால் புதைந்தால் பெரியவர்களுக்கும் நிலைகொள்ளாது. 2011-இல், கிறிஸ்துமஸ் நாளன்றே, பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகப் படகேறிய உறவினர் கூட்டமொன்றில் 22 பேர் மாண்டனர். அவர்கள் காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரட்டைத் தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில், மாலை மயங்கியபின், அளவுக்கு மிஞ்சிய கூட்டத்தோடு சென்ற படகு கவிழ்ந்து 22 பேர். அவர்களில் குழந்தைகள் பலர். இவையெல்லாம் புயலில் நேர்ந்தவை அல்ல; விடுமுறையில் நேர்ந்தவை.

ஆகையால், படகில் இத்தனை பேர் என்று குறித்திருந்தால் மடிக்குழந்தையையும் சேர்த்து எண்ணுங்கள். குடும்பம் பிரியக்கூடாதென்று ஒரே படகில் நெருக்கி ஏறாதீர்கள். இரண்டு படகுகள் அருகருகே போகலாம். பறவையைக் கண்டால் உட்கார்ந்தபடியே பாருங்கள். அலுவலகத்துக்கு வெளியே யாரேனும் அணுகி, குறைந்த காசுக்கு முகத்துவாரம் வரை அழைத்துச் செல்வதாகச் சொன்னால், வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுங்கள். பங்கின் இளைஞரையோ மறைக்கல்வி மாணவரையோ அழைத்துச் செல்லும் பொறுப்பாளர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்: ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை தலைகளை எண்ணுங்கள்.

மற்றவை சிறிய காரியங்கள். முதியவரைப் படகின் நடுவில் உட்காரவைத்து, மடித்த போர்வை ஒன்றை அடியில் இடுங்கள். பலகையில் ஒருமணி நேரம் உட்காருவது இடுப்புக்குக் கடினம். ஒதுங்குமிடம் கரையில்தான், ஏறுமுன் அனைவரும் போய்வரட்டும். குடிநீர், தொப்பி, மாற்றுடை வேண்டும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கரைக்கு வந்தபின் உண்ணலாம். இலையும் பையும் நீரில் விழக்கூடாது.

எங்கள் இரண்டாம் பயணத்தில் அம்மா ஒருமணி நேரமும் வாய்திறக்கவில்லை. பிடித்ததா என்று கேட்டதற்கு, “பேசவிடாமல் செய்த இடம்” என்றார்கள்.

கழியில் மகிழ்ந்த குடும்பம் கப்பலுக்குத் துணியலாம். அப்போது சில விவரங்களை முன்கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் அறைக்கும் உணவுக்கும் மட்டுமே. வரி, துறைமுகக் கட்டணம், பானங்கள், கரையிறங்கிச் சுற்றிப்பார்க்கும் செலவு ஆகியன தனி. சாளரமில்லாத உள்ளறையே மலிவு. பகலெல்லாம் மேல்தளத்தில் இருக்கப்போகிறவர்களுக்கு அது போதும். குமட்டலுக்கு அஞ்சுவோர் கீழ்த்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. மருத்துவர் தரும் மாத்திரையைக் குமட்டல் வருமுன்பே உட்கொள்ள வேண்டும். இலங்கைக்கென்றால் பாஸ்போர்ட் கட்டாயம். குழந்தைக்கும் தனியே வேண்டும். இத்தகைய கப்பல்களில் சூதாட்ட மேசைகளும் மதுக்கூடமும் உண்டென்பதை அறிந்தே செல்லுங்கள். வளரும் பிள்ளைகளோடு முன்னதாகப் பேசிவைப்பது பெற்றோர் கடமை. பயணத்திட்டம் மாறக்கூடும்: 2022-இல் ‘எம்பிரஸ்’ புதுச்சேரிக்கு வந்தபோது, அங்கே பயணிகள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. திரும்பும் இரயிலுக்குக் கப்பல் கரைசேரும் நாளன்றே சீட்டு எடுக்காமல், ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

இலங்கையைக் காண்பதே நோக்கமானால், 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் ஒன்று உண்டு. கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். வானிலையைப் பொறுத்து ஓட்டம் நிறுத்தப்படுவதால் முன்னதாக விசாரித்துக்கொள்க. கடலூரார்க்குச் சென்னையைவிட அது அவ்வளவு தொலைவுமன்று.

இவற்றையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டினேன். “இராத்திரியும் தண்ணீரிலேயேவா இருக்கணும்?” என்று கேட்டார்கள் அம்மா. சிறிது நேரம் கழித்து, “நாகப்பட்டினத்துக் கப்பலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு வை, தம்பி” என்றார்கள்.